இருநூற்று எண்பத்தாறு வீடுகள்

அறிவிப்பு வந்தது பிப்ரவரி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. எங்கள் தெருமுனைக் கடையில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியில் அமைச்சர் தோன்றி, ரயில் நிலையத்துக்குப் பின்னால் மேட்டில் இருக்கும் துண்டறைக் குடியிருப்பு முழுவதையும் அரசு எடுத்துக்கொள்ளப் போவதாகச் சொன்னார். ஒருவரையும் வெளியேற்ற மாட்டார்களாம். அதே இடத்தில் அரசுப் பணத்தில் வாடகை வீடுகள் கட்டுவார்களாம். நான்கே வருடத்தில் குடிபோகலாமாம். கடைக்காரர் சத்தத்தைக் கூட்டினார். சூடான ராமியோன் நூடுல்ஸ் கோப்பையைக் கையில் வைத்திருந்த நான் அதைத் தின்ன மறந்து நின்றேன்.

துண்டறை என்றால் அது அறையில் ஒரு துண்டுதான். பழைய அறையொன்றை ஒட்டுப்பலகையால் மூன்றாக, நான்காகத் தடுத்துவிடுவார்கள். படுத்தால் தலை ஒரு சுவரிலும் கால் கதவிலும் முட்டும். முக்கால்வாசி அறைகளுக்கு ஜன்னல் கிடையாது. எங்கள் மாடியில் இப்படி ஒன்பது துண்டுகள். ஒன்பதுக்கும் சேர்த்து ஒரே கழிப்பறை. கட்டடத்துக்குச் சொந்தக்காரர்கள் ஆற்றுக்குத் தெற்கே இருக்கிறார்கள். அவர்கள் முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. வாடகை வாங்க பியோ அம்மாள்தான் வருவாள். அரசு எங்களுக்குக் கொடுக்கும் வீட்டு உதவித்தொகை எவ்வளவோ அதுதான் வாடகை. உதவித்தொகை பத்தாயிரம் வோன் கூடினால் அதே மாதம் வாடகையும் பத்தாயிரம் கூடும். ஆக, அரசாங்கம் எங்கள் வீட்டுக்குப் பணம் செலவழிக்காமல் இல்லை. வருடக்கணக்காகச் செலவழித்துக்கொண்டுதான் இருந்தது. எங்கள் தலைக்கு மேல் ஒழுகும் கூரைக்கு அதில் ஒரு வோன்கூட வந்து சேரவில்லை.

அன்று சாயங்காலம் எதிர் அறை கிபோங் அண்ணன் ஒரு சுண்ணாம்புக் கட்டியோடு தெருவில் இறங்கினார். அவருக்கு அப்போது எழுபத்தோரு வயது. அடுக்குமாடிக் கட்டடங்களுக்குக் கம்பி கட்டுவதில் இருபத்தாறு வருடம் கழித்தவர். முதுகு போன பிறகு வேலை போயிற்று, பிறகு வீடு, பிறகு எல்லாம். அமைச்சர் சொன்ன அளவை மனதில் வைத்துக்கொண்டு, காலடியால் அளந்து, பனி ஒதுக்கிய தரையில் கோடு கிழித்தார். இங்கே கதவு, இங்கே அடுப்பு, இங்கே கழிப்பறை, இது ஜன்னல். கோணம் ஒன்று பிசகவில்லை. ஒவ்வொருவராக அந்தக் கோட்டுக்குள் போய் நின்று பார்த்தோம். தல்சூ என்ற ஊனமுற்ற மனிதர் சக்கர நாற்காலியை உள்ளே உருட்டி ஒரு முழுச் சுற்று சுற்றினார்.

"அண்ணே, திரும்புது! வண்டி திரும்புது!" என்று கத்தினார்.

"செருப்ப வெளிய கழட்டிட்டு வாங்கய்யா, வீட்டுக்குள்ள வர்றீங்க" என்று மல்லே அக்கா அதட்டினார். எல்லாரும் சிரித்தோம்.

குவாக் மல்லே அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குடியிருப்பாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவி. அறுபத்தேழு வயது. கட்டுமான இடங்களில் தகரக் கொட்டகை போட்டுத் தொழிலாளர்களுக்குச் சமைத்துப் போட்டவர். முந்நூறு பேர் பசியோடு வரிசையில் நின்றால் அவர்களை அடக்க எப்படிப்பட்ட குரல் வேண்டுமோ அப்படிப்பட்ட குரல். யாருக்காவது உதவித்தொகை நின்றால், யாராவது இரண்டு நாள் கதவைத் திறக்காவிட்டால், அக்காதான் போய் நிற்பார்.

ஒன்றரை வருடம் கழித்து, புதிய வீடுகளுக்குத் தகுதியானவர்களின் பட்டியலை வட்டார அலுவலகத்தில் ஒட்டினார்கள். இருநூற்று எண்பத்தைந்து பெயர்கள். அமைச்சர் அறிவித்த அந்த வெள்ளிக்கிழமை அன்று இங்கே குடியிருந்தவர்கள் மட்டும். என் பெயர் இருந்தது. அக்கா பெயர் இருந்தது. கிபோங் அண்ணன் பெயர் இல்லை.

அவர் இரண்டு முறை தேடினார். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறை தேடினார். "எழுத்து சின்னதா இருக்கு" என்றார்.

விசாரித்தபோது விஷயம் தெரிந்தது. அறிவிப்புக்கு முந்தைய டிசம்பரில் அண்ணன் நுரையீரல் காய்ச்சலில் நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஜனவரிக் கடைசியில்தான் திரும்பி வந்தார். அந்த இடைவெளியில், "ஆள் ஓடிப்போய்விட்டான்" என்று எழுதிக் கொடுத்து வட்டார அலுவலகத்தில் இருந்த அவருடைய குடியிருப்புப் பதிவை பியோ அம்மாள் நீக்க வைத்திருக்கிறாள். அவர் திரும்பி வந்ததும், ஒன்றுமே நடக்காததுபோல், அதே அறைக்கு வாடகையும் வாங்கிக்கொண்டாள். மறுபடி பதிவு செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. அறையில் மனிதர் இருந்தார், காகிதத்தில் இல்லை.

அக்கா பியோ அம்மாளைத் தெருவிலேயே பிடித்தார்.

"ஏம்மா, மனுஷன் மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில கெடக்கான், ஓடிப்போயிட்டான்னு எழுதிக் குடுத்திருக்கியே, எங்க ஓடினான்? ஆக்சிஜன் குழாயோடவா ஓடினான்?"

"எனக்கென்ன தெரியும்? மேல ஓனருங்க சொன்னாங்க, செஞ்சேன்" என்றாள் பியோ அம்மாள். "இடிச்சுக் கட்டுற பேச்சு வந்தப்பவே, பதிவுல ஆளு கொறைஞ்சா நல்லதுன்னுட்டாங்க. எல்லாக் கட்டடத்துலயும் அப்படித்தான் பண்றாங்க. என்கிட்ட கத்தாதீங்க, எனக்கே சக்கரை இருக்கு."

மறுநாள் அக்காவும் அண்ணனும் நானும் வட்டார அலுவலகத்துக்குப் போனோம். நாம்குங் என்ற இளம் அதிகாரி எங்கள் விஷயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரியாதையான பையன். அந்த மரியாதையாலேயே அவரைத் திட்டவும் முடியாது.

"ஐயா இங்க இருந்தார்ங்கிறதுக்கு ஆவணம் வேணும்" என்றார். "வாடகை ரசீது இருக்கா?"

"பியோ அம்மா ரசீது குடுக்கிறவளா? கைல வாங்கி மடியில கட்டிக்கிட்டுப் போறவ" என்றார் அக்கா.

"கரண்ட் பில்லு, தண்ணி பில்லு, ஏதாவது அவர் பேர்ல?"

"தம்பி, ஒம்பது பேருக்கு ஒரு மீட்டர். அவர் பேர்ல எங்கேருந்து வரும்?"

"அக்கம்பக்கம் சாட்சி சொன்னா ஏத்துக்க முடியாதும்மா. எல்லாரும் எல்லாருக்கும் சொல்லிடுவாங்க. அந்தக் காலத்துலயே எழுதின எதாவது வேணும். அவர் பேர், தேதி, ரெண்டும் இருக்கணும்."

அக்கா திடீரென்று என் தொடையில் அடித்தார். "யோம் தம்பி! கக்கூஸ் கதவு!"

எங்கள் மாடிக் கழிப்பறையைக் கழுவ முறை வைத்திருந்தோம். காகிதத்தில் எழுதி ஒட்டினால் ஈரத்தில் நைந்துவிடும், இல்லாவிட்டால் யாராவது கிழித்துவிடுவார்கள். அதனால் அக்கா, அழியாத மையால் கதவின் உட்பக்கத்திலேயே கட்டம் போட்டிருந்தார். ஒன்பது பெயர். வாரத்துக்கு ஒருவர். கழுவியவர் தன் பெயருக்கு நேரே தேதி எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூன்று வருடக் கணக்கு மேலிருந்து கீழ்வரை அந்தக் கதவில் இருந்தது. கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு மறுபடி போனோம்.

நாம்குங் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இது... வித்தியாசமா இருக்கும்மா. ஆனா படத்தை ஏத்துக்க முடியாது. திருத்தியிருக்கலாம்னு சொல்லுவாங்க. மூலத்தைக் கொண்டு வந்தாத்தான் ஆட்சேபணையாவே பதிவு பண்ண முடியும்."

சொல்லிவிட்டு, தான் என்ன சொன்னோம் என்று உணர்ந்து அவரே நிமிர்ந்து பார்த்தார். அக்கா அதற்குள் எழுந்துவிட்டார்.

"மூலம்தானே? கொண்டாறேன்."

கதவைக் கழற்றியது கிபோங் அண்ணன்தான். திருகாணிகள் துருப்பிடித்திருந்தன. எண்ணெய் விட்டு, பொறுமையாக ஒவ்வொன்றாக எடுத்தார். ஒரு மரையும் கெடவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, "அக்கா, வேணாம்" என்றார். அவர் அக்காவைவிட மூத்தவர், ஆனாலும் எல்லாரையும்போல அவரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார். "ஒருத்தனுக்காக மாடி முழுக்கக் கதவில்லாம உக்காரணுமா?"

"கொடைய விரிச்சுப் புடிச்சுக்கிட்டு உக்காருவாங்க. நீங்க ஆணியப் புடுங்குங்க."

கதவை நானும் தல்சூவின் பக்கத்து அறைக்காரரும் தூக்கினோம். மேட்டுத் தெருவில் இறங்கி, நிலையத்துக்கு எதிரே எட்டு வழிச் சாலையைக் கடந்து, அலுவலகம் வரை அரைமணி நடை. பேருந்தில் ஏற்ற மாட்டோம் என்றுவிட்டார்கள். சிக்னலில் நின்றபோது கோட்டு சூட்டு போட்ட ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்து, "கழுவினதுதான் சார், யார் யார் கழுவினாங்கன்னே எழுதியிருக்கு, படிச்சுப் பாருங்க" என்றார். கிபோங் அண்ணன் தலையைக் குனிந்துகொண்டு எங்களுக்குப் பத்தடி பின்னால் வந்தார். அவருக்கு உயிர் போகிற வெட்கம். எனக்கு வெட்கமாக இல்லை. முதல் நூறு அடியில் இருந்த வெட்கம், சாலையைக் கடந்தபோது கோபமாகிவிட்டிருந்தது. ஒரு மனிதன் ஒரு இடத்தில் வாழ்ந்தான் என்று நிரூபிக்க அவனுடைய உடம்பு போதவில்லை, கழிப்பறைக் கதவு வேண்டியிருக்கிறது.

அலுவலக வாசலில் காவலர் தடுத்தார். "கதவோட உள்ள விட முடியாது."

"இது கதவில்ல, ஆவணம். உங்க ஆளுதான் கொண்டுவரச் சொன்னாரு. கேட்டுக்கிட்டு வாங்க."

வரிசைச் சீட்டு எடுத்து, கதவைச் சுவரில் சாய்த்து, நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தோம். எங்கள் எண் வந்ததும் கதவை நாம்குங்கின் மேசையில் கிடத்தினோம். அவருடைய கணினி, பேனா எல்லாம் அதன் அடியில் போய்விட்டன. சுற்றி எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள். உள்ளறையிலிருந்து குழுத் தலைவர் ஓடி வந்தார்.

"என்ன இது? இது அரசு அலுவலகம்! இதெல்லாம் இங்க..."

"நாத்தமா இருக்கா சார்?" என்றார் அக்கா. குரலை உயர்த்தவில்லை. "இதுக்கு முன்னாடிதான் ஒம்பது பேரு தினம் காலையில வரிசையில நிக்கிறோம். உங்களால ரெண்டு நிமிஷம் பக்கத்துல நிக்க முடியல. தேதியப் பாருங்க. இந்தாளு ஓடிப்போனான்னு உங்க ஃபைல்ல எழுதியிருக்கே, அந்த வாரம் இங்க என்ன எழுதியிருக்குன்னு படிங்க."

நாம்குங் குனிந்து விரலால் தேடினார். படித்தார். "தாக் கிபோங், ஆஸ்பத்திரி. பதிலுக்கு மல்லே." பிறகு ஜனவரிக் கடைசி வாரம், மல்லேயின் முறையில்: "தாக் கிபோங், வந்தாச்சு. கழுவியாச்சு." அதற்குக் கீழே நடுக்கமான கையெழுத்து. அமைச்சர் பேசிய வெள்ளிக்கிழமைக்குப் பத்து நாள் முன்பு.

குழுத் தலைவர் உள்ளே போய்விட்டார். நாம்குங் கதவை மேலிருந்து கீழாகப் பகுதி பகுதியாகப் படம் எடுத்து, ஆட்சேபணை மனுவில் 'மூலம் சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி முத்திரை குத்தினார். மூன்று வாரம் கழித்துக் கடிதம் வந்தது. தாக் கிபோங், வரிசை எண் இருநூற்று எண்பத்தாறு. கடைசிப் பெயர். அன்று பன்றி இறைச்சி சுட்டு, சோஜு மதுப் புட்டி திறந்தோம். அண்ணன் கடிதத்தை மடிக்கவே விடவில்லை, எண்ணெய் பட்டுவிடும் என்று சட்டைக்குள் வைத்துக்கொண்டார்.

பிறகு எதுவும் நடக்கவில்லை.

அதாவது, வேறு பக்கம் நிறைய நடந்தது. கட்டட உரிமையாளர்கள் மொட்டைமாடிகளில் சிவப்புக் கொடி கட்டினார்கள். 'தனியார் சொத்தைத் தொடாதே' என்று பதாகை தொங்கவிட்டார்கள். தாங்களே கட்டினால் இன்னும் உயரமாகக் கட்டி, இன்னும் அதிக விலைக்கு விற்கலாம் என்பது அவர்கள் கணக்கு. நிலத்தை எடுக்கும் ஆணை வெளியாகவில்லை. அதனால் அந்த வருடம் ஒதுக்கிய பணம் செலவாகவில்லை. செலவாகாத பணம் கருவூலத்துக்குத் திரும்பிப் போய்விட்டது. முந்தைய வருடம் செலவழிக்கவில்லையே என்று அடுத்த வருடம் குறைத்து ஒதுக்கினார்கள். அதுவும் திரும்பிப் போயிற்று. நாங்கள் அமைச்சக வாசலில் பதாகையோடு நின்றோம், மனு கொடுத்தோம், வெயில் காலத்தில் அறைகளுக்குள் இருக்க முடியாமல் நிலையத்துப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தோம். சாவு வரத் தொடங்கியது. எங்கள் தெருவில் சாவு எப்போதும் உண்டுதான். ஆனால் இப்போது செத்தவர்களுக்கு ஒவ்வொரு எண் இருந்தது. சக்கர நாற்காலி தல்சூ ஆகஸ்டில் போனார். எண் நூற்றுப் பதினெட்டு. கதவைத் தூக்கி வந்தாரே அவருடைய பக்கத்து அறைக்காரர், ஓக் பன்சிக், அவர் அடுத்த குளிரில்.

அறிவிப்பு வந்து மூன்றரை வருடம் ஆன பிறகு, ஒரு இலையுதிர் காலப் பகலில், பக்கத்து ஆரம்பப் பள்ளியின் பெரிய கூடத்தில் விளக்கக் கூட்டம் போட்டார்கள். முன்வரிசை உரிமையாளர்களுக்கு. நாங்கள் பின்னால். அமைச்சகத்திலிருந்து வந்திருந்த அதிகாரி திரையில் வண்ணப் படங்கள் காட்டினார். நாம்குங் ஓரத்தில் கோப்புகளோடு நின்றுகொண்டிருந்தார்.

"நிதி நெருக்கடி இருக்கிறது உண்மைதான்" என்றார் அதிகாரி. "ஆனா ஒரு நல்ல செய்தியும் இருக்கு. முதல்ல திட்டமிட்டது இருநூத்தி எண்பத்தாறு வீடு. தகுதியானவங்க எண்ணிக்கையில இயல்பான குறைவு ஏற்பட்டிருக்கிறதால, இருநூத்தி ஐம்பத்து மூணே போதும்னு மறுபரிசீலனை செஞ்சிருக்கோம். இதனால ஒதுக்கீட்டுப் பற்றாக்குறை பெரும்பகுதி சரியாகிடும். எல்லா தரப்புக்கும் இது சாதகமான விஷயம்."

முன்வரிசையில் ஒருவர் தலையாட்டினார். எங்கள் பக்கத்தில் யாருக்கும் புரியவில்லை. மல்லே அக்கா கையைத் தூக்கினார்.

"சார், இயல்பான குறைவுன்னா என்ன சார்?"

"அது... பட்டியல்ல இருந்து விலகினவங்க."

"யாரும் விலகலையே. நான் சங்கத் தலைவி, எனக்குத் தெரியாம யார் விலகினாங்க?"

அதிகாரி தண்ணீர் குடித்தார். "இயற்கையா... வயசு காரணமா, உடல்நலம் காரணமா, இப்ப இல்லாதவங்கம்மா."

நாங்கள் மூன்றரை வருடம் பிணம் தூக்கியிருக்கிறோம். உறவினர் வராத பிணங்களுக்கு நாங்களே சோறு வைத்து, நாங்களே குனிந்து வணங்கி அனுப்பியிருக்கிறோம். அதை இவர்கள் நிதிப் பற்றாக்குறையைச் சரிக்கட்டும் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள். இன்னும் இரண்டு வருடம் இழுத்தால் இன்னும் முப்பது குறையும். பத்து வருடம் இழுத்தால் ஒரு வீடும் கட்ட வேண்டியிருக்காது.

அக்காதான் வெடிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு வாய் திறந்தது, குரல் வரவில்லை. எழுந்து நின்றது கிபோங் அண்ணன்.

எந்தக் கூட்டத்திலும் அவர் பேசி நான் பார்த்ததில்லை. முன்னிருக்கையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் கம்பி கட்டினவன்" என்றார். "பதினோரு டவர் கட்டியிருக்கேன். இருபத்தஞ்சு மாடி, முப்பது மாடி. அஸ்திவாரத்துலேருந்து சாவி குடுக்கிற வரைக்கும் இருபத்தெட்டு மாசம். மழையில நிப்பாட்டினாக்கூட முப்பது. நீங்க ஆரம்பிச்சு நாப்பத்து மூணு மாசம் ஆச்சு. ஒரு குழி தோண்டல. நாங்க சாவுறதுக்குக் காத்துக்கிட்டு இருந்தீங்களா?"

"அப்படியெல்லாம் இல்ல ஐயா, தயவுசெஞ்சு உக்காருங்க..."

"உக்கார மாட்டேன். கணக்குப் பாத்தா முப்பத்து மூணு பேரு. யார் அவங்க? பேரைப் படிங்க."

"தனிநபர் விவரத்த பொதுவுல வெளியிட முடியாதுங்க."

அப்போதுதான் அக்காவுக்குக் குரல் வந்தது. "எது? தனிநபர் விவரமா? பலகைக்கு அந்தப் பக்கம் இருமினா இந்தப் பக்கம் எச்சி தெறிக்கிற எடத்துல இருந்தாங்கய்யா அவங்க! உசிரோட இருந்தப்ப ஒரு மறைவு குடுத்தீங்களா? செத்தப்புறம் மறைக்கிறீங்க! படிய்யா!"

"படி! படி!" என்று பின்வரிசை முழுவதும் தரையில் காலால் தட்டியது. முன்வரிசையில் ஒருவர் திரும்பி, "இது நாகரிகமா?" என்றார். தட்டல் இன்னும் கூடியது.

அதிகாரி நாம்குங்கைப் பார்த்துத் தலையை அசைத்தார், வேண்டாம் என்று. நாம்குங்கின் காதுகள் சிவந்திருந்தன. கோப்பைப் புரட்டினார். ஒரு தாளை எடுத்தார். ஒலிவாங்கி அவரிடம் இல்லை. வெறும் குரலில் படித்தார்.

"எண் நாலு, ஹா மியோங்ஜா. எண் பதினொண்ணு, சா குவாங்முக். எண் இருபத்தொம்பது..."

முப்பத்து மூன்று பெயரையும் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் எங்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருவர் ஏதோ சொன்னார்கள். "எம் பக்கத்து ரூம்பு." "கிம்ச்சி ஊறுகா நல்லாப் போடும்." "எங்கிட்ட ஒரு சுவெட்டர் குடுத்துச்சு." தல்சூவின் பெயர் வந்தபோது கிபோங் அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஓக் பன்சிக் பெயருக்கு நான், "எங்கூடக் கதவு தூக்கினவரு" என்றேன்.

படித்து முடிந்ததும் அதிகாரி கூட்டம் முடிந்தது என்றார். நாங்கள் எழுந்திருக்கவில்லை. அக்கா மேடைக்குப் போய், படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அவருக்குப் பக்கத்தில். பிறகு நான், பிறகு எல்லாரும். அதிகாரிக்கு மேடையை விட்டு இறங்க வேறு வழி இல்லை.

"என்னம்மா வேணும் உங்களுக்கு?" என்றார் அதிகாரி. அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை போலிருந்தது.

"எழுதிக் குடுங்க. இருநூத்தி எண்பத்தாறுன்னா இருநூத்தி எண்பத்தாறு. நான் செத்தாலும், இவர் செத்தாலும், மொத்த தெருவும் செத்தாலும் எண்ணிக்கை கொறையக் கூடாது."

"செத்தவங்களுக்கு வீடு எதுக்கும்மா? அரசுப் பணம்..."

"எங்க தெருவுல ஒரு ரூம்பு காலியானா எத்தன நாள் காலியா கெடக்குதுன்னு தெரியுமா உங்களுக்கு? மூணு நாள். தல்சூ ரூம்புல இப்ப ஒருத்தன் இருக்கான். மியோங்ஜா ரூம்புல ஒருத்தி இருக்கா. அந்தத் தேதிக்கப்புறம் வந்தவங்கன்னு உங்க பட்டியல்ல இல்ல. செத்தவங்க வீட்ட இவங்களுக்குக் குடுங்க. ஏழைங்க தீந்துபோயிட்டாங்கன்னு யாரு சொன்னா உங்களுக்கு?"

அதிகாரி மூன்று முறை போன் பேசினார். முதல் முறை கத்தினார், இரண்டாம் முறை கெஞ்சினார், மூன்றாம் முறை நீண்ட நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். வகுப்புகள் முடிந்து பிள்ளைகள் வெளியே போகும் சத்தம் கேட்டது. வெயில் சாய்ந்துகொண்டிருந்தபோது நாம்குங் காகிதத்தில் எழுதினார், அதிகாரி கையெழுத்துப் போட்டார். வீடுகளின் எண்ணிக்கை குறைக்கப்படாது. காலியாகும் இடங்கள் பின்னர் குடியேறியவர்களுக்கு வரிசைப்படி. அக்கா ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தார்.

அந்த வருட நிதிநிலை அறிக்கையில் எண்ணிக்கை மாறவில்லை. இருநூற்று எண்பத்தாறு என்றே இருந்தது. பணம் மட்டும் பாதிதான் ஒதுக்கினார்கள், மீதி 'அடுத்த கட்டத்தில்' என்று. உரிமையாளர்கள் வழக்குப் போட்டிருக்கிறார்கள். சிவப்புக் கொடிகள் வெளுத்து, புதிது கட்டியாகிவிட்டது. கிபோங் அண்ணன் இப்போது படி இறங்குவதில்லை. காலையில் மூச்சு வாங்குகிறது. சோற்றை நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். "என் எண்ணு யாருக்குப் போகும்?" என்று ஒருமுறை கேட்டார். "உங்களுக்குத்தான், சாப்பிடுங்க" என்றேன். எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. அது அவர்மேல் வந்த கோபம் இல்லை என்று அவருக்கும் தெரியும்.

போன மாதம் எங்கள் மாடிக்கு ஒரு பெண் வந்து சேர்ந்தாள். நூடுல்ஸ் கடை வைத்திருந்தாளாம். கடனில் கடை முழுகிவிட்டது. ஐம்பது வயதிருக்கும். ஒரே ஒரு பை. அதை அறையில் வைத்துவிட்டு, காலை நீட்ட முடியாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மல்லே அக்கா வாசலில் போய் நின்றார்.

"எழுந்திரு. ஆபீஸ் போகணும். பதிவு பண்ணணும்."

"நாளைக்குப் போகலாமே அக்கா. ரொம்பக் களைப்பா இருக்கு."

"இன்னைக்கே. நாளைக்கு நீ இங்க இல்லைன்னு சொல்லிருவாங்க."

நானும் கூடப் போனேன். நாம்குங் அங்கே இல்லை. பூங்காக்கள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்களாம். அந்த நாற்காலியில் புதிதாக ஒரு பெண் அதிகாரி, மேசையில் சின்னப் பூந்தொட்டியோடு உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் சிரித்தாள்.

"சொல்லுங்கம்மா. என்ன விஷயமா வந்திருக்கீங்க?"

"துண்டறைக் குடியிருப்பு வீட்டுத் திட்டம் விஷயமா" என்றார் அக்கா.

"எந்தத் திட்டம்மா அது?"

நூடுல்ஸ் கடைப் பெண் பயந்துபோய் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். அக்கா ஒரு கணம் கண்ணை மூடித் திறந்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "எழுதிக்கம்மா" என்று முதலிலிருந்து ஆரம்பித்தார்.